இருபத்தெட்டுக் கவளம், ஆயிரத்து ஐந்நூறு கலோரி

கலோரி எண்ணிச் சாப்பிட்டால் உடம்பு இளைக்குமா என்று கேட்கிற தோழிகளுக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன்: இளைக்கும். எனக்கு இளைத்தது. ஆனால் எதை எண்ணினேன், எங்கே நின்று எண்ணினேன் என்பதில்தான் முக்கால்வாசி விஷயம் இருக்கிறது. அதைச் சொல்ல ஒரு நீளமான பதிவு வேண்டும். பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் ஊர் மேல்சித்தாமூர். திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடையில் இருக்கிறது. தமிழ்ச் சமணர்களுக்குத் தலைமையிடமான ஜினகாஞ்சி மடம் இங்கேதான். பார்சுவநாதர் கோயிலும், பாறையில் தீர்த்தங்கரர்களைச் செதுக்கிய மலைநாதர் கோயிலும் இங்கே உண்டு. நயினார் என்கிற தமிழ்ச் சமணர் வீடு என்றதுமே வெளியூர்க்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "பொழுது சாய்ஞ்சா நீங்கள்லாம் சாப்பிட மாட்டீங்களாமே, அப்புறம் எப்படி உடம்பு போடும்?" என்பதுதான். பெரியவர்கள் சாப்பிடமாட்டார்கள். என் மாமியார் இன்றைக்கும் விளக்கு வைப்பதற்குள் சாப்பிட்டுக் கையைக் கழுவிவிடுவார். திண்டிவனத்தில் வேலை பார்த்துவிட்டு பஸ் பிடித்து ஊர் திரும்புகிற எங்களுக்கு அந்த வழக்கம் எப்போதோ நழுவிப் போய்விட்டது. ஏழரை மணிக்கு வந்ததும் ஒரு டீ, கூடவே கொஞ்சம் காராசேவு. சமைத்து, பிள்ளைகளுக்குப் போட்டு, நான் உட்கார ஒன்பதரை ஆகிவிடும்.

ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.1 என்று வந்தது. 5.7-இலிருந்து 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோயின் வாசலில் நிற்கிறோம் என்று பொருள். அப்போது என் உயரம் 155 செ.மீ., எடை 71 கிலோ. எடையை, மீட்டரில் எடுத்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் ஏறத்தாழ 29.5. ஐரோப்பியருக்கு 30-ஐத் தொட்டால்தான் பருமன் என்கிறார்கள். நம் நாட்டு மருத்துவர்கள் 25-லேயே கோடு போட்டுவிட்டார்கள், ஏனென்றால் நமக்கு அதைவிடக் குறைந்த எடையிலேயே வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்து சர்க்கரை வந்துவிடுகிறது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 100-க்கு 40 பேர் அந்த 25-ஐ எட்டியவர்கள். நம் தெருவில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவர் எனக்குச் சொன்ன அளவு நாளுக்கு 1,500 கலோரி. உட்கார்ந்து வேலை செய்யும் 55 கிலோ பெண்ணுக்கு 1,660 கலோரி போதும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் கொடுத்த கணக்கு. அதைப் பார்த்தால் 1,500 பட்டினி கிடையாது.

கைப்பேசியில் ஒரு செயலியை இறக்கினேன். சாதம் எத்தனை கப், சாம்பார் எத்தனை கிண்ணம் என்று கேட்டது. யார் வீட்டுக் கப்? எங்கள் வீட்டுச் சாம்பாரில் பருப்பு எவ்வளவு, தாளித்த எண்ணெய் எவ்வளவு என்று அதற்கு எப்படித் தெரியும்? வீட்டில் தட்டு போட்டுச் சாப்பிடுகிறவர்களுக்கு, அதுவும் நாலு பேருக்கு ஒரே குண்டானில் சமைக்கிற வீட்டில், தட்டுத் தட்டாக எண்ணுவது நடக்காத காரியம். சமைக்கும் முன்னால், பச்சையாக இருக்கும்போது எண்ணினால் எல்லாம் தெளிவாகிவிடுகிறது. அதனால் ஒரு சிறிய எடைத்தராசு வாங்கினேன்.

"ஏம்மா, சோத்தையுமா தராசுல வைப்ப? அன்னத்த நிறுத்துப் போட்டா வீட்ல தங்குமா?" என்று மாமியார் வருத்தப்பட்டார்.

"சோத்த நிறுக்கல அத்தை. அரிசியத்தான். நீங்க ஆழாக்குல அளந்து போடறீங்களே, அதுவேதான்" என்றேன். ஆழாக்கு என்றதும் அவருக்குச் சமாதானமாகிவிட்டது. எங்கள் வீட்டு ஆழாக்கில் தலைதட்டிய பொன்னி அரிசி 140 கிராம். நூறு கிராம் அரிசிக்கு ஏறத்தாழ 350 கலோரி என்றால், ஓர் ஆழாக்குக்கு 490. காலையில் இட்லி, மதியம் சாதம், இரவு தோசை என்று மூன்று வேளையும் அரிசியாகவே போகிற வீட்டில் ஒருத்திக்கு இரண்டு ஆழாக்கு சுலபமாக உள்ளே போய்விடும். 1,500-இல் 980 அங்கேயே முடிந்துவிட்டது. பருப்புக்கும் தயிருக்கும் காய்க்கும் எண்ணெய்க்கும் சேர்த்து மிச்சம் 520-தான்.

எண்ணெயைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும். மாவுச்சத்து ஒரு கிராமுக்கு 4 கலோரி, புரதம் 4, கொழுப்பு மட்டும் 9. தாளிக்கிறபோது எண்ணெய் ஊற்றுகிற கை ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி சாயும். அதைக் கரண்டிக் கணக்கில் பிடிக்க முடியாது. மாதக் கணக்கில் பிடிக்கலாம். எங்கள் வீட்டில் நாலு பேருக்கு மாதம் ஐந்து லிட்டர் செலவாகிக்கொண்டிருந்தது. ஒரு லிட்டர் எண்ணெய் 910 கிராம் அளவு இருக்கும். ஐந்து லிட்டரை நாலு தலைக்கும் முப்பது நாளுக்கும் வகுத்தால் ஆளுக்கு நாளைக்கு 38 கிராம், அதாவது 340 கலோரி. யாரும் எண்ணெயை ஒரு பதார்த்தமாகச் சாப்பிடுவதில்லை, ஆனால் மருத்துவர் சொன்ன 1,500 கலோரியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எண்ணெயாகவே போய்க்கொண்டிருந்தது. ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2,000 கலோரித் தட்டுக்கே 27 கிராம் போதும் என்கிறது. மாதம் மூன்று லிட்டர்தான் என்று முடிவெடுத்தோம். செக்கில் ஆட்டிய எண்ணெய் நல்லது, எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். செக்கு எண்ணெய்க்கும் கிராமுக்கு 9 கலோரிதான்.

எங்கள் பக்கத்தில் மல்லாட்டையைச் சொல்லாமல் எண்ணெயைச் சொல்ல முடியாது. வேர்க்கடலைக்கு எங்கள் பேச்சில் அதுதான் பெயர். டி.எம்.வி. என்று தொடங்கும் கடலை ரகங்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், அந்த எழுத்துகள் குறிப்பது திண்டிவனத்தைத்தான். இங்கே இருக்கும் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவானவை அவை. அறுவடைக் காலத்தில் மல்லாட்டையைப் பிடுங்கி வந்து, ஈர மண்ணை அலசி, உப்புப் போட்டு வேகவைத்து முற்றத்தில் உட்கார்ந்து உரித்துத் தின்பதை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை, நிறுத்தவும் இல்லை. காய்ந்த பருப்பு முப்பது கிராம் 160 கலோரிக்குப் பக்கம் வரும். அதில் ஏழு, எட்டு கிராம் புரதமும் இருக்கிறது. சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு அது பெரிய விஷயம். காராசேவை விட்டுவிட்டு அந்த இடத்தில் மல்லாட்டையை வைத்தேன். அளவு ஒரு கைப்பிடி.

சிறுதானியத்துக்கு மாறினால் தானாக இளைத்துவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணையைப் பாருங்கள். நூறு கிராமுக்குப் பச்சரிசி 356 கலோரி என்றால் கம்பு 348, கேழ்வரகு 321. பெரிய வித்தியாசம் கிடையாது. வித்தியாசம் நார்ச்சத்தில் இருக்கிறது. தீட்டிய அரிசியில் மூன்று கிராம் கூட இல்லை, கம்பிலும் கேழ்வரகிலும் 11 கிராம். அதனால் கேழ்வரகுக் களி சாப்பிட்டால் சீக்கிரம் வயிறு நிறைகிறது, அடுத்த பசி தாமதமாக வருகிறது. கேழ்வரகு அடை என்று எண்ணெயில் முக்கி எடுத்து நாலு சாப்பிட்டுவிட்டு, சிறுதானியம்தானே என்றால் கணக்கு உதைக்கும்.

பெண்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. நான் ஒரு நோட்டில் எழுதத் தொடங்கிய பிறகுதான் தட்டில் விழாத சாப்பாடு எவ்வளவு என்று தெரிந்தது. பிள்ளை பாதி வைத்த தோசை, குண்டானில் ஒட்டிய சாதம், நாளைக்குக் கெட்டுவிடுமே என்று முடித்துவைக்கிற பொரியல். கடைசியாக உட்காருகிறவள் பங்கு எப்போதும் இரண்டு: தன் பங்கு, மிச்சத்தின் பங்கு. அன்னத்தை வீணாக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். அது சரியான வளர்ப்புதான். ஆனால் வீணாகாமல் காக்கிற இடம் நம் வயிறாக இருக்க வேண்டியதில்லை. அரிசியை நிறுத்துப் போட ஆரம்பித்ததும் மிச்சமே விழுவதில்லை. எடைத்தராசு எனக்குச் செய்த பெரிய உபகாரம் இதுதான். நான் வீட்டில் சாப்பிடும் வேளைகளில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது என்று இப்போது வழக்கமாக்கியிருக்கிறோம். யாருக்கு வேண்டுமோ அவர்கள் எழுந்து போட்டுக்கொள்கிறார்கள்.

மாவுச்சத்து, கொழுப்பு, புரதம் என்று மேலே சொன்ன 4-9-4 கணக்கைக் கொடுத்தவர் வில்பர் அட்வாட்டர் என்ற அமெரிக்கர். 1890-களில் ஆளை ஓர் அறைக்குள் இருக்கவைத்து, அவர் உடம்பிலிருந்து வெளிவரும் வெப்பத்தை அளந்து பார்த்தவர். அந்தக் கணக்கை எடை குறைப்பதற்கென்று வீட்டுப் பெண்கள் கைக்குக் கொண்டுவந்தவர் லூலு ஹன்ட் பீட்டர்ஸ் என்ற மருத்துவர். 1918-இல் வந்த அவருடைய புத்தகம் அமோகமாக விற்றது. நம் சாப்பாட்டுக்கான கணக்கு அதிகம் தாமதிக்கவில்லை. குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தின் தலைவர் ஆக்ராய்ட் 1937-இலேயே இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை வெளியிட்டுவிட்டார். அந்த ஆய்வுக்கூடம்தான் பிறகு ஐதராபாத்துக்குப் போய் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. சேலத்தில் பிறந்த டாக்டர் கோபாலன் அதன் இயக்குநராக இருந்தவர். நீலகிரியில் போட்ட கணக்கின் வழித்தோன்றல்தான் இன்று நம் கைப்பேசியில் இருக்கிறது. அன்று அந்த அட்டவணை போட்டது, ஏழைகளுக்குப் போதுமான சாப்பாடு கிடைக்க எப்படித் திட்டமிடலாம் என்பதற்காக.

இதையெல்லாம் ஒரு மாலை மாமியாரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். மடத்தில் சாத்திரம் கேட்டு வளர்ந்தவர். "எண்ணிச் சாப்பிடறது இன்னா புதுசா? ஆம்பளைக்கு முப்பத்திரண்டு கவளம், பொம்பளைக்கு இருபத்தெட்டு. அதுல ஒரு கவளம் குறைச்சாலும் தவம்னு பேரு" என்றார்.

சமணத்தில் புறத்தவங்கள் ஆறு. உண்ணாமலே இருப்பது அனசனம். வயிறு நிறைய உண்ணாமல் குறைத்து உண்பது அவமோதரியம். அதற்குத்தான் அந்தக் கவளக் கணக்கு. பால், தயிர், நெய், எண்ணெய், இனிப்பு, உப்பு ஆகியவற்றில் ஒன்றையோ பலவற்றையோ விடுவது ரசபரித்தியாகம். எண்ணெய், இனிப்பு, உப்பு என்று மருத்துவர் எழுதிக்கொடுத்த பட்டியலின் பாதி அதிலேயே இருக்கிறது. திகம்பர முனிவர்கள் எங்கள் பக்கம் வரும்போது ஆகாரம் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். நாளில் ஒரே வேளை, வெளிச்சம் இருக்கும்போதே, நின்றபடி, இரண்டு கையையும் சேர்த்து அதையே பாத்திரமாக்கி வாங்கி உண்பார்கள். ஒவ்வொரு கவளத்தையும் கூட்டம் முழுவதும் மூச்சைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கும். சாப்பாட்டின் மேல் அவ்வளவு கவனத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

என் கையில் எடுக்கிற சாம்பார் சாதக் கவளம் பதினெட்டு, இருபது கிராம் வருகிறது. இருபத்தெட்டுக்கு ஏறத்தாழ அரைக் கிலோ. முனிவர்களுக்கு அது முழு நாளுக்கான கணக்கு, எனக்கு அப்படிச் சரிப்படாது. ஆனால் மதியச் சாப்பாட்டில் கவளத்தை எண்ண ஆரம்பித்தேன். எண்ணினால் மெல்ல வேண்டியிருக்கிறது. மென்றால் பதினாறு, பதினேழிலேயே போதும் என்று வயிறு சொல்வது கேட்கிறது. டிவி பார்த்துக்கொண்டு சாப்பிட்ட காலத்தில் அது கேட்டதே இல்லை. தராசு அடுப்பில் ஏறும் அளவைச் சொன்னது, கவளம் எங்கே நிறுத்துவது என்று சொன்னது. இரண்டும் எனக்கு வேண்டியிருந்தது.

பொழுது சாய்வதற்குள் சாப்பிடுகிற வழக்கத்துக்குத் திரும்ப ஒரு வழி செய்தேன். இரவுச் சாப்பாட்டைக் காலையிலேயே டப்பாவில் எடுத்துப்போகிறேன். இரண்டு இட்லி, ஒரு கிண்ணம் பச்சைப்பயறு சுண்டல். வேலை முடிந்து பஸ் ஏறுவதற்கு முன் சாப்பிட்டுவிடுகிறேன். வீட்டுக்கு வந்ததும் பசி இல்லை, காராசேவு டப்பா கண்ணில் படுவதில்லை. பிள்ளைகளுக்குத் தோசை ஊற்றும்போது மணம் இழுக்கத்தான் செய்கிறது, மோர் குடித்துச் சமாளிக்கலாம்.

இங்கே ஒரு விஷயத்தை மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். சீக்கிரம் சாப்பிட்டாலே இளைத்துவிடும் என்று யூடியூபில் அடித்துச் சொல்கிறார்கள். சீனாவின் குவாங்சோவில் பருமனான 139 பேரை ஓராண்டு கண்காணித்து, 2022-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியிட்டார்கள். எல்லோருக்கும் கலோரிக் கட்டுப்பாடு உண்டு. ஒரு பிரிவினர் மட்டும் காலை 8-இலிருந்து மாலை 4-க்குள் சாப்பிட வேண்டும். அந்தப் பிரிவினர் சராசரியாக 8 கிலோ இளைத்தார்கள், நேரக்கட்டு இல்லாதவர்கள் 6.3 கிலோ. புள்ளியியல் கணக்கில் அந்த வித்தியாசம் உறுதியானதாகத் தேறவில்லை. எடையைக் குறைத்தது கலோரிக் கணக்குதான். பொழுது சாய்வது அந்தக் கணக்குக்கு ஒரு வேலி. ஏழரை மணி முதல் பத்து மணிவரை என் கை எதையெதையோ எடுத்துக்கொண்டிருந்ததே, அதை இந்த வேலி தடுத்தது. அந்த அளவுக்கே அதற்குப் பெருமை.

அதேபோல நோன்பையும் எடைக் குறைப்பையும் ஒன்றாகக் குழப்புவதில் எனக்குச் சம்மதமில்லை. செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர் குன்று இருக்கிறது. இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களையும் வரிசையாகச் செதுக்கிய பாறை. அங்கேதான் சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாதிருந்து உயிர் நீத்ததைச் சொல்லும் பழங்கல்வெட்டு இருக்கிறது. அந்த எண்ணிக்கை வினையறுப்பதற்கானது. அட்டமி, சதுர்த்தசிக்கு நோன்பிருப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து, "எத்தனை கிலோ குறைஞ்சது?" என்று கேட்பது அந்த நோன்புக்கு மரியாதை ஆகாது. இளைக்க வேண்டும் என்பதற்காக நோன்பைக் கையில் எடுப்பதும் அப்படித்தான். நான் நோன்பு நாளை என் கலோரி நோட்டில் எழுதுவதில்லை.

எடை முதல் மாதம் மளமளவென்று இறங்கியது. அதில் ஒரு பகுதி நீர். உடம்பில் சேமித்த மாவுச்சத்து கரையும்போது அதனுடன் சேர்ந்த நீரும் போகும். பிறகு மெதுவானது, சில வாரம் அசையவே இல்லை. ஒரு கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. நாளுக்கு 500 குறைத்தால் வாரத்துக்கு அரைக் கிலோகூட வராது. உடம்பு சிறுத்தால் அதன் தேவையும் சிறுக்கும், அதனால் வேகம் இன்னும் குறையும். மாதம் பத்துக் கிலோ என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் பணம் கொடுப்பதற்கு முன் இந்த வகுத்தலைப் போட்டுப் பாருங்கள். இப்போது நான் 64 கிலோ, சர்க்கரைச் சராசரி 5.6. செயலியை அழித்துவிட்டேன். நோட்டும் நின்றுவிட்டது. அரிசி அளவு, எண்ணெய் லிட்டர், வெளிச்சச் சாப்பாடு, மதியக் கவளம் இவை மட்டும் வீட்டு வழக்கமாக நிற்கின்றன.

கலோரி சொல்லாத ஒன்றும் உண்டு. 1,500 கலோரியை மைசூர்பாகாகவும் சாப்பிடலாம், கணக்கு சரியாகவே வரும். சாதத்தைக் குறைத்துவிட்டுப் பருப்பையும் பயறையும் கூட்டாமல் விட்டால் கொழுப்போடு தசையும் கரையும், முடி கொட்டும், படியேறினால் கால் நடுங்கும். சைவக்காரர்கள் ஒவ்வொரு வேளையும் பயறோ பருப்போ தயிரோ தட்டில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மாலையில் ஊரைச் சுற்றி நடப்பதையும் விடாதீர்கள்.

சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இரவுச் சாப்பாட்டை நிறுத்தவோ கலோரியைக் குறைக்கவோ கூடாது. சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வந்துவிடும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் வளரும் பிள்ளைகளும் இந்தக் கணக்குக்குள் வரவே வேண்டாம். மற்றவர்கள் செயலியெல்லாம் இறக்குவதற்கு முன், போன மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்கினீர்கள் என்று பார்த்து, வீட்டில் இருக்கும் தலைகளுக்கு வகுத்துப் பாருங்கள். ஆளுக்கு முக்கால் லிட்டரைத் தாண்டினால் குறைக்க வேண்டிய முதல் பொருள் அதுதான்.